பாப்பாவுக்கு, காட்பாடியிலிருந்து

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் 'பிசி' என்று ஒரு வார்த்தை போட்டால் அப்பா அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது?

உன் ஆராய்ச்சி விஷயத்தை நானும் கொஞ்சம் படித்தேன். பிரபஞ்சம் பிறந்து 47 கோடி வருடத்திலேயே யுஎச்இசட்1 என்ற கேலக்ஸியில் பெரிய கருந்துளை ஒன்று இருந்திருக்கிறதே, ஜேம்ஸ் வெப், நம்ம விஞ்ஞானி சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளும் சேர்ந்து காட்டியது, 2023-ல் வந்த செய்தி. குறைந்தது ஒரு கோடி சூரியன் எடையாம். அதற்குள் எப்படி அவ்வளவு வளர்ந்தது என்பதுதானே உங்கள் சண்டை? முதல் நட்சத்திரங்கள் செத்து மிஞ்சியது என்றால் நூறு சூரியன் அளவில்தான் தொடங்கும். அவசரமாகத் தின்னவும் முடியாது. உள்ளே விழும் வாயு சூடேறி வீசும் ஒளியே பின்னால் வருவதைத் தள்ளிவிடும். (கருந்துளைக்கே சாப்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது, உனக்குத்தான் இல்லை என்கிறாள் அம்மா.) அதனால் பெரிய வாயு மேகமே நட்சத்திரங்களாக உடையாமல் மொத்தமாக உள்ளே சரிந்து, எடுத்த எடுப்பிலேயே பத்தாயிரம், லட்சம் சூரியன் எடையோடு பிறந்திருக்கலாம் என்கிறார்கள். பக்கத்து கேலக்ஸியின் புற ஊதா ஒளி ஹைட்ரஜன் மூலக்கூறுகளைப் பிரித்துவிட்டால் மேகம் குளிராது, துண்டாகாது. இதுவரை புரிந்தது. நட்சத்திரமே இல்லாத, பிரபஞ்சத்தின் முதல் நொடிக்குள், அடர்த்தி கூடின இடங்கள் தானாகவே சரிந்து கருந்துளையாகியிருக்கலாம் என்று விஞ்ஞானி ஹாக்கிங் 1971-ல் எழுதினாராமே, அதுதான் தலையில் ஏறவில்லை. போனில் சொல்லு.

காவலூரில் அந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு, ஆலங்காயம் பஸ்ஸிலேயே "இதைத்தான் படிப்பேன்" என்றவள் நீ. தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் உன் சங்கதி மட்டும் எனக்குச் சித்தி வீடு சுற்றி வருகிறது. அங்கே என்னவோ சொன்னார்கள். நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்லு. சாப்பாட்டை மட்டும் விடாதே. ராத்திரி கண்விழிக்காதே.

அப்புறம், போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. முடிந்து பணம் வந்திருக்கிறது. இங்கே அதற்கு ஒரு செலவும் இல்லை. வாடகைக்கோ, டிக்கெட்டுக்கோ, எதற்கானாலும் சரி, காரணம் எழுத வேண்டாம். உன் பழைய பேங்க் அக்கவுண்டு இன்னும் இருக்கிறதா? அதற்காவது பதில் போடு.

இப்படிக்கு,
அப்பா