என் கேட்டர்ஹாம் செவன் ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு

நண்பர்களே, மனசில்லாமல்தான் எழுதுகிறேன். வீட்டில் இரண்டாவது குழந்தை வந்தாயிற்று, வண்டியில் இருப்பதே இரண்டு இருக்கை.

2010 மாடல் ரோட்ஸ்போர்ட் 125. 1.6 லிட்டர் ஃபோர்டு சிக்மா எஞ்சின், 5 கியர், 14,200 மைல். 125 குதிரைத்திறன் குறைவாகத் தோன்றலாம். எடை சுமார் 550 கிலோதான் என்பதால் மிதித்தால் பறக்கும். இதன் மூலமான 1957 லோட்டஸ் செவன் காரின் அதே உருவம். பவர் ஸ்டியரிங், ஏபிஎஸ், ஏர்பேக் எதுவும் கிடையாது. மழை வந்தால் கூரையை மாட்டுவதற்குள் நனைந்துவிடுவோம், அது வேறு கதை.

மூக்கிலும் பின் மட்கார்டிலும் கல் தெறித்த தழும்புகள் உண்டு. விபத்து இல்லை. எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) மார்ச் வரை.

விலை 19,500 பவுண்டு, கொஞ்சம் பேசலாம். வண்டி இங்கிலாந்தின் சர்ரேயில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்க வருபவர்கள் ஒல்லியான ஷூ போட்டு வாருங்கள், பெடல்கள் ரொம்ப நெருக்கம். அப்புறம், இங்கே வேண்டாம், தனியாக மெசேஜ் அனுப்புங்கள்.