திரும்பி வரும் வழியை மறைக்காதீர்கள்: லினக்ஸ் வழங்கல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெஸ்க்டாப் லினக்ஸ் வழங்கல்களை (லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளை) பராமரிக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

இயங்குதளத்தின் கருவான கெர்னலின் மேம்படுத்தல் தோற்றுப்போகும்போது, நேற்று வரை நன்றாக இயங்கிய கெர்னலுக்குத் திரும்பும் வழி எந்தப் பயனருக்கும் கண்ணெதிரே தெரிய வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு இம்மடலை எழுதுகிறேன். உங்களில் பலர் ஊதியம் ஏதுமின்றி இப்பணியைச் செய்கிறீர்கள் என்பதை அறிவேன். அந்த உழைப்பால் நெடுங்காலம் பயன்பெற்றவன் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து என் மடிக்கணினியில் ஒரு வழங்கலை நிறுவியிருந்தேன். கணினி தொடங்கத் தேவையான கோப்புகளுக்கென மறையாக்கத்துக்கு வெளியே ஒதுக்கப்படும் பூட் பிரிவின் அளவை நிறுவல் நிரலே தீர்மானித்தது. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஒரு கெர்னலும், தொடக்கத்தில் வட்டை அணுக அதற்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பும் அங்கே சேர்ந்துகொண்டே வந்தன, பழையவை நீக்கப்படவில்லை. ஒரு நாள் இடம் தீர்ந்து, புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படாமலேயே நிறுவல் பாதியில் நின்றது. புதுப்பிப்புக் கருவி எதையும் விளக்காத ஒரு பிழைச்செய்தியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது; தொடக்கப் பட்டியலிலோ அந்த அரைகுறைக் கெர்னலே முதலிடத்தில் இருந்தது. மறுநாள் காலை கணினியை இயக்கியபோது, இயங்குதளக் கோப்புகள் உள்ள வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற கெர்னல் பேனிக் (கெர்னல் தொடர முடியாமல் நிற்பது) செய்தியோடு திரை உறைந்துவிட்டது. பழைய கெர்னல் வட்டில் ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் என்னும் தொடக்க நிரலின் பட்டியல் மறைக்கப்பட்டிருந்தது. யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகைத் தொடக்க மென்பொருள் உள்ள கணினியில் எஸ்கேப் விசையையும் பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையையும் உரிய நொடியில் அழுத்தினால் அப்பட்டியல் தோன்றும் என்பதை வேறொரு கணினியில் தேடித்தான் அறிந்துகொண்டேன். கையில் ஒரே கணினி வைத்திருப்பவர் அன்று என்ன செய்திருப்பார் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

இப்படி நேர்ந்தவர்களிடம், நன்றாக ஓடும் கெர்னலை ஏன் தொட்டீர்கள் என்று அனுபவசாலிகள் கேட்பதுண்டு. அதை என்னால் ஏற்க இயலவில்லை. 2022 மார்ச்சில் வெளிப்பட்ட டர்ட்டி பைப் என்னும் பாதுகாப்பு ஓட்டை, 5.8 ஆம் பதிப்பிலிருந்தே கெர்னலில் இருந்தது. படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தைச் சாதாரணப் பயனர் ஒருவர் மாற்றி எழுத அது இடம் கொடுத்தது. அதை அடைக்க 5.16.11, 5.15.25, 5.10.102 ஆகிய பதிப்புகள் வந்தபோது மேம்படுத்தாமல் இருப்பது பாதுகாப்பான முடிவாக இருந்திருக்காது.

அதே வேளையில், நிலையான வரிசையில் (வெளியான கெர்னலுக்குத் திருத்தங்கள் மட்டும் சேர்க்கப்படும் வரிசையில்) வரும் சிறு திருத்தங்களும் தீங்கற்றவை என்று நம்பிவிட முடியாது. 2023 டிசம்பரில், 6.1.64 கெர்னலில் இருந்த ஒரு வழுவால் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் தரவு சிதையக்கூடும் என்று தெரியவந்ததும், டெபியன் என்னும் வழங்கலை உருவாக்கும் திட்டம் தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைத்து, பயனர்களை மேம்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த நாளே 6.1.66 கெர்னலுடன் 12.4 பதிப்பை வெளியிட்டது. அந்த நேர்மையையும் விரைவையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இடைவெளியில் புதிய கெர்னலை நிறுவிவிட்ட ஒருவருக்குப் பழைய கெர்னலைத் தொடங்கத் தெரிந்திருப்பதுதானே முதல் பாதுகாப்பு?

பழைய கெர்னல்களை நீங்கள் வைத்திருப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. ஃபெடோரா இயல்பாக 3 கெர்னல்களை வைத்திருக்கிறது. டெபியன் வழிவந்தவற்றில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தானியங்கி நீக்கம் தொடுவதில்லை. ஆர்ச் வேறு வகை. அங்கே மேம்படுத்தியவுடன் பழைய கெர்னலின் மாட்யூல்களும் (தேவைப்படும்போது ஏற்றப்படும் இயக்கி போன்ற துணைப்பகுதிகளும்) போய்விடுவதால், மறுதொடக்கம் செய்யும் வரை புதிதாகச் செருகும் பென்டிரைவ்கூட அடையாளம் காணப்படாமல் போகலாம். என் குறை எண்ணிக்கையைப் பற்றியது அன்று. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலும் நன்றாக ஓடும் கெர்னலும் ஒன்றல்ல. புதிய கெர்னலில் மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழ மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் பழையதையே தேர்ந்தெடுத்துக் காலம் தள்ளுகிறார். நிலையான வரிசையில் ஏறக்குறைய வாரந்தோறும் திருத்தங்கள் வருகின்றன. இப்போதாவது சரியாகிவிட்டதா என்று பார்க்கப் புதிய கெர்னலில் நுழைந்திருக்கும் நாளில் அடுத்த புதுப்பிப்பும் வந்துவிட்டால், அவர் நம்பியிருந்த அந்தப் பழைய கெர்னல் வரிசையிலிருந்து நழுவி நீங்கிவிடக்கூடும். ஆகவே, இதை நீக்காதே, இதையே முதலில் தொடங்கு என்று பயனர் குறித்துவைக்க வரைகலைக் கருவியிலேயே ஓர் இடம் தாருங்கள். இன்று அதற்கு அமைப்புக் கோப்புகளைக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது.

முன்பு வேலை செய்தது புதிய கெர்னலில் வேலை செய்யாவிட்டால் அது கெர்னலின் குற்றமே என்று கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மீண்டும் மீண்டும் வலியுறுத்தி வந்திருக்கிறார். ஆனால் அந்த உறுதிமொழி கெர்னல் மூலத்துக்கு வெளியே வளரும் மாட்யூல்களுக்குப் பொருந்தாது. கெர்னலின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் உள் இடைமுகங்கள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். வெளியிலிருந்து வரும் வரைகலை இயக்கியையும் வைஃபை இயக்கியையும் டிகேஎம்எஸ் என்னும் கருவி ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகத் தொகுக்கிறது. தொகுக்கத் தேவையான ஹெட்டர் பொதி இல்லாமலோ, உள் இடைமுகம் மாறியதாலோ அது தோற்றால், அச்செய்தி எவரும் திறவாத பதிவுக் கோப்பில் புதைந்துபோகிறது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூல் வெற்றியாகத் தொகுக்கப்பட்டாலும், கையொப்பத்துக்கான சாவி பதியப்படவில்லை என்றால் அது ஏற்றப்படுவதில்லை. இவற்றை மறுதொடக்கத்துக்கு முன்பே சரிபார்க்க முடியும். பழைய கெர்னலில் பயன்பாட்டில் உள்ள வெளி மாட்யூல் எதுவும் புதியதற்கு ஆயத்தமாகாதபோது, புதிய கெர்னலை இயல்புநிலை ஆக்காமல், காரணத்தைப் பயனருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள்.

தானாகப் பின்வாங்கும் ஏற்பாடும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. சிஸ்டம்டி-பூட் என்னும் மற்றொரு தொடக்க நிரல் புதிய கெர்னலுக்குச் சில முயற்சிகளை எண்ணிக் கொடுத்து, அவற்றில் தோற்றால் அதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளும் வசதியைக் கொண்டிருக்கிறது. கிரப்பிலும் ஒரே ஒரு முறை மட்டும் குறிப்பிட்ட கெர்னலைத் தொடங்கச் சொல்ல முடியும். இவற்றை இயல்புநிலையாக்குங்கள், அதுவரை, முந்தைய தொடக்கம் முழுமையடையவில்லை என்றால் பட்டியலையாவது தானாகக் காட்டுங்கள்.

இம்மாற்றங்களை உங்களில் எவர் முன்னெடுத்தாலும், பூட் பிரிவை வேண்டுமென்றே நிரப்பியும், டிகேஎம்எஸ் தொகுப்பைத் தோற்கச் செய்தும், செக்யூர் பூட்டை மாற்றி மாற்றி வைத்தும் என் பழைய கணினிகள் இரண்டில் சோதித்து, முழு விவரங்களோடு வழு அறிக்கை அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பயனர்களில் ஒருவன்