முதல் பருவ நிறைவும் டிசம்பர் மலை நடையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் திருத்தியாகிவிட்டன, தீபாவளி விடுமுறைக்கு முன் மதிப்பெண் பட்டியல் உங்கள் கைக்கு வந்துவிடும். சுதந்திர தினம், ஆசிரியர் தினம், நவராத்திரி கொலு எல்லாமே சிறப்பாக நடந்தன. கபடியிலும் பேச்சுப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். அறிவியல் கண்காட்சிக்கு உழைத்தவர்களுக்குப் பாராட்டுகள். மழையில் மும்பை லோக்கல் ரயில் தடுமாறிய நாட்களிலும் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பிவைத்தீர்கள். அதற்கு நன்றி.

சரி, இப்போது டிசம்பரில் நடக்கவிருக்கும் மலை நடைக்கு வருகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பன்வேல் தாண்டி இருக்கும் கர்னாலா பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துப் போகிறோம். காட்டுப் பாதை வழியாகக் கோட்டை வரை ஏறி இறங்குவது திட்டம். ஏற்றம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஆகஸ்டில் போரிவிலி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளுக்குப் போனதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். அவற்றுக்குப் போகும் படிகள் பலவும் அதே கரும்பாறையில் வெட்டியவை. மழைக்காலத்தில் அவற்றில் பாசி படர்ந்துவிடும். ஹவாய் செருப்பிலும் கிராக்ஸிலும் வந்திருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்க வேண்டியிருந்தது. ஒரு மாணவியின் பழைய ஷூ பாதி வழியில் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. வகுப்பாசிரியை தன் துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக் கட்டி அவளை அழைத்து வந்தார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒரு பையன், மதியத்துக்கும் சிப்ஸ் பாக்கெட் மட்டுமே வைத்திருந்தான். குரங்கு அதைப் பிடுங்கியதில் கையில் கீறல் பட்டு, வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசியை அவனுக்குப் போட வேண்டியதாயிற்று.

இவற்றில் எதையும் மலைக்குப் போன பிறகு சரிசெய்ய முடியாது. முந்தின இரவு வீட்டில் பை கட்டும்போதே பார்த்தாக வேண்டும்.

புது ஷூ வாங்கச் சொல்லவில்லை. முந்தின நாள் வாங்கிய ஷூ குதிகாலில் கொப்புளம் போட்டு அரை வழியிலேயே பிள்ளையை நொண்ட வைத்துவிடும். விளையாட்டு வகுப்புக்குப் போடும் ஷூ போதும். அதை ஒரு வாரம் முன்பே கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். பசை விட்டிருந்தால் தைத்துவிடலாம். அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பாகிப்போன கருப்புப் பள்ளி ஷூ வேண்டாம். டிசம்பரில் பாசி இருக்காது. ஆனால் மண் காய்ந்து, சின்னக் கற்கள் காலடியில் உருளும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் வழுக்கும். சரியான ஷூ இல்லாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பள்ளியில் சில ஜோடிகள் வைத்திருக்கிறோம், தயங்க வேண்டாம். சாக்ஸ் பருத்தியா கம்பளியா என்றெல்லாம் கவலைப்பட வேண்டாம். கிழியாமல், ஈரமில்லாமல் இருந்தால் சரி. ஜீன்ஸ் மட்டும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காலோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். அரை லிட்டர் பாட்டில், சரணாலய வாசலைத் தாண்டுவதற்குள் காலியாகிவிடும். இதில் பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மலையில் கழிப்பறை கிடையாது என்பதால் பல மாணவிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். கன்ஹேரியில் தலைசுற்றி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் கழிப்பறைக்குப் போக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வழியில் தேவைப்பட்டால் ஆசிரியைகள் துணைக்கு வருவார்கள், மறைப்புக்குத் துணியும் எடுத்துவருகிறோம். மாதவிடாய் நாளாக இருந்தாலும் தாராளமாக வரலாம். தேவையானதைப் பையில் வைத்துவிடுங்கள், பயன்படுத்தியதைக் கட்டி எடுத்துவர ஒரு பையும் சேர்த்து. தண்ணீர் குடிக்கும்படி மகளிடம் நீங்களே சொல்லி அனுப்புங்கள். நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ சப்பாத்தி உருட்டியதோ போதும். கூடவே கொஞ்சம் கடலை மிட்டாய், ஒரு ஓஆர்எஸ் பொட்டலம். எல்லாம் மூடிய டப்பாவில் இருக்கட்டும். காலையில் இட்லியாவது சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

கர்னாலாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கோட்டையின் உச்சியில் நெட்டுக்குத்தாக ஒரு பாறைத் தூண் நிற்கிறது, அதில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுகின்றன. சத்தம், கல்லெறி, புகை, வாசனைத் திரவியம் எல்லாமே அவற்றைக் கிளப்பிவிடும். அன்றைக்கு சென்ட், பாடி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். வெளிர்நிறச் சட்டை நல்லது. தேனீ வந்தால் கையை வீசி விரட்டக் கூடாது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஆசிரியர் சொல்லும் திசையில் விலகிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். போன முறை ஒரு பையில் பாம்புக்கடிக்கு என்று கயிறும் பிளேடும் இருந்தன. அக்கறையோடு வைத்ததுதான், புரிகிறது. ஆனால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கெடுதலையே செய்யும். கடிபட்டவரை அசையவிடாமல் படுக்க வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் கொண்டுபோவதுதான் வைத்தியம். அதற்காக 108 ஆம்புலன்ஸ் எண் எல்லா ஆசிரியர்களிடமும் இருக்கும்.

சம்மதப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. உடல்நலப் பகுதியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறீர்கள். இளைப்பு, வலிப்பு என்று எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அப்படிச் செய்ய மாட்டோம். ஒரு ஆசிரியரைக் கூடவே நடக்க வைப்போம், முடியாவிட்டால் கீழேயே பறவை பார்க்க வைப்போம். ஆனால் கன்ஹேரியில் ஒரு பிள்ளைக்கு மூச்சிரைத்தபோது, இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தேனீ கொட்டி முன்பு எப்போதாவது முகம் வீங்கியிருந்தால், அதையும் அவசியம் எழுத வேண்டும்.

அதே நாளில் ஒரு மாணவன், மேலே போய் போட்டோ எடுத்து அனுப்பும்படி வீட்டிலிருந்து வந்த அழைப்பைக் கேட்டு, வரிசையை விட்டு விலகிப் போய்விட்டான். அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை மற்ற அத்தனை பிள்ளைகளும் மழையில் நின்றார்கள். இந்த முறை கைபேசிகள் பேருந்திலேயே இருக்கும். ஏறத் தொடங்கும்போதும் இறங்கிய பிறகும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடுவோம். இடையில் காட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதற்காகப் பதற வேண்டாம். ஆளுக்கொரு விசில் பள்ளியே கொடுக்கும்.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முழுதாக நிரப்பிய படிவமும் சரியான ஷூவும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இல்லாமல் வரும் பிள்ளை, பேருந்தில் ஏற முடியாது. அன்று பள்ளியில் இருக்கும். யார் கேட்டாலும் விலக்கு கிடையாது. அதேபோல, பகல் 12 மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் குழு திரும்பி இறங்கத் தொடங்கும். கோட்டையைத் தொடாமல் வந்துவிட்டார்கள் என்று யாரும் ஆசிரியர்களிடம் குறைப்பட வேண்டாம்.

விடுமுறையில் குடும்பத்தோடு லோணாவளாவுக்கோ 1,646 மீட்டர் உயரமான கல்சுபாய் சிகரத்துக்கோ போகிறவர்களும் எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று பக்கத்து வீட்டிலாவது சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், மரங்களுக்கு நடுவே அதற்கும் முன்பே இருட்டும். ஒரு டார்ச் கையில் இருக்கட்டும். அடுத்த மழைக்காலத்தில் அருவிகளுக்குப் போக நினைப்பவர்கள், 2024 ஜூன் 30 அன்று லோணாவளாவின் பூஷி அணைக்கு மேலே இருக்கும் அருவியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டதை மறக்க வேண்டாம். மேலே மலையில் பெய்த மழை, பாறையில் ஊறாமல் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதும் அது நடக்கும்.

உங்களில் பலர் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து பிள்ளைக்குச் சோறு கட்டி அனுப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் இத்தனையும் கேட்கிறோமே என்ற சங்கடம் எனக்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் வசிக்கும் தெருக்களில் ஒரு மரத்தை முழுதாகப் பார்ப்பதே அரிது. அவர்களைக் காட்டுக்குள் நடக்க வைக்க நாங்கள் ஆசைப்படுவதும், நீங்கள் எங்களை நம்பி அனுப்புவதும் அதனால்தான். கூட வருவதாகச் சொல்லியிருக்கும் செவிலியரான தாய்மார் இருவருக்கும், சீரான ஷூக்களைப் பள்ளிக்குக் கொடுத்த பழைய மாணவர்களின் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. படிவங்களை விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதுவதில் சிரமம் இருந்தால் மாலை 4 மணிக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்