கோபுரத்துக்கு முன் குளம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

மாரியம்மன் கோயில் குளத்தின் திருப்பணி நிறைவடைந்துவிட்டது. கோபுரத்துக்கென்று திரட்டத் தொடங்கிய நிதியைக் குளத்தில் போடலாமா என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆடிப் பண்டிகைக்குச் சக்தி அழைக்கக் குளத்தில் ஒரு குடம் நீர் இல்லாமல் டேங்கர் லாரியில் பிடித்துக் கரகம் ஜோடித்த ஊர் நம்முடையது. அந்த நிலையில் கோபுரத்துக்கு வர்ணம் பூசக் குழுவுக்கு மனம் வரவில்லை.

சடங்கு மட்டும் காரணமில்லை. நமக்குக் காவிரி நீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. சுத்திகரித்து வரும் அந்த நீர் மேல்நிலைத் தொட்டியில் ஏறி, இறங்கி, தீர்ந்துவிடுகிறது. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு 93.47 டி.எம்.சி. நிறைந்து நின்றாலும், வழியில் குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ நம் தெருவுக்கு அதனால் பயன் இல்லை. நிலத்தடியையும் நம்பிவிட முடியாது. சேர்வராயன் மலையும் அதன் அடிவாரமும் கெட்டிப் பாறை. வெடிப்பு கிடைத்தால்தான் ஆழ்துளைக் கிணற்றில் நீர். மலையில் கொட்டும் மழையோ ஊருக்குள் நிற்காமல் ஓடைவழியே போய்விடுகிறது. மழைநீரை அப்படியே பிடித்து வைக்க நமக்கிருந்த ஒரே இடம் இந்தக் குளம்.

குழாய் வந்த பிறகு குளத்தை மறப்பது நம் ஊரின் புதுப் பழக்கமும் அன்று. சேலம் நகருக்குக் குடிநீர் தர 1911-இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் கேட்பாரற்றுப் போய்ச் சீமைக் கருவேலங்காடானது. அது பெரிய ஏரி என்பதால் செய்தியானது. நம்முடையது சிறியது, குப்பை கொட்டும் இடமாயிற்று.

பணியில் தூர்வாருவதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் எண்ணினோம். பொக்லைன் அதை எளிதில் முடித்துவிட்டது. வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வயலுக்கு ஏற்றிச் சென்றார்கள். உண்மையான பாடு வரத்து வாய்க்காலில் இருந்தது. மலையடிவாரத்து ஓடையிலிருந்து குளம்வரை வரும் வழியில் ஓரிடத்தில் வாசல்படி, ஓரிடத்தில் மாட்டுக்கொட்டகை, ஓரிடத்தில் வாய்க்காலே இல்லை. யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்காமல், வீடு வீடாகப் பேசியே வழி திறந்தது. கொட்டகையைத் தாமே பிரித்துக்கொண்ட குடும்பத்தின் பெயரைக் கல்வெட்டில் போட விரும்பினோம். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அடுத்த தகராறு குளத்தின் தரையைப் பற்றியது. நீர் கசியாமல் இருக்கக் கான்கிரீட் போட்டுத் தருவதாக ஓர் ஒப்பந்ததாரர் வந்தார். சுற்றுவட்டாரக் கிணற்றுக்காரர்கள் கசிய வேண்டும் என்றார்கள். களிமண் படுகையை உடைக்காமல் வண்டலை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தோம். நீர் நிற்கும், கொஞ்சம் கிணறுகளுக்கும் இறங்கும். இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்கலாமே என்போருக்கும் இதுவே விடை: களியைத் தாண்டினால் குளம் சல்லடை. வாய்க்கால் முகத்தில் மணல் தங்கும் தொட்டி ஒன்றும், நிரம்பிய நீர் வழிந்தோடக் கிழக்கே கலிங்கும் கட்டியிருக்கிறோம். படித்துறையில் பழைய கற்களையே திருப்பி வைத்தோம்.

இனி கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி நீர் நின்றால் ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். ஏக்கர் அளவுள்ள நம் குளத்தில் பத்தடி நின்றால் 1.23 கோடி. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். பத்தாயிரம் பேருக்கு 7 லட்சம் லிட்டர். ஏட்டுக் கணக்கில் பதினேழு நாள். கரைச் சரிவு, வெயில், கசிவு, அடிச் சேறு எல்லாம் போக அதிலும் குறையும். குளம் காவிரிக்கு மாற்றாகாது. குழாய் நின்ற நாட்களில் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, கட்டுமானத்துக்கு இதை எடுத்தால் வரும் குடிநீர் குடிக்கவாவது மிஞ்சும்.

இது சுத்திகரிக்காத நீர். தெளிந்து நிற்பதைப் பார்த்துக் குடத்தில் மொண்டு குடிக்க வேண்டாம். பேரூராட்சி வடிகட்டும் நிலையம் அமைத்தால் இங்கிருந்து எடுத்துக்கொள்ள இடம் ஒதுக்கியிருக்கிறோம், மனுவும் கொடுத்தாயிற்று. சோப்பு போட்டுத் துவைப்பது, பிளாஸ்டிக் மாலையோடு சிலை கரைப்பது இரண்டுக்கும் தடை. இதில் குழு யாருக்கும் சலுகை காட்டாது, நிர்வாகிகள் வீட்டுக்கும் சேர்த்து.

தணிக்கை செய்த வரவு செலவு முன்மண்டபப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீதுகளைக் கணக்கரிடம் கேட்டுப் பார்க்கலாம். மீதித் தொகையைக் கோபுரத்துக்கு மாற்றவில்லை. ஆண்டுதோறும் ஆடிக்கு முன் வாய்க்காலையும் மணல் தொட்டியையும் அள்ள அது வைப்பில் இருக்கும். அதற்கு ஆள் விடும் பொறுப்பைத் தெருவாரியாகப் பிரிக்கும் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. கோபுரப் பணி அதற்கு அடுத்த தீர்மானம்.

திருப்பணிக் குழு