பாதியில் திரும்பும் ஆய்வுப் பயணத்துக்கு மறுவாய்ப்பை முன்னரே உறுதி செய்யுங்கள்

மனிதர்களை ஆய்வுக்காக விண்வெளிக்கு அனுப்பும் நாசாவின் திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1997 ஏப்ரல் 4 அன்று கொலம்பியா விண்ணோடம் எழுவருடன் 16 நாள் ஆய்வுக்காகப் புறப்பட்டது. அதற்கு மின்சாரம் தரும் மூன்று எரிபொருள் மின்கலங்களுள் ஒன்றில் மின்னழுத்தம் சீராக இல்லை என்று தெரிந்ததும், உள்ளே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து தீப்பற்றக்கூடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, ஏப்ரல் 8 அன்றே அவர்களைத் தரையிறக்கினீர்கள். எஞ்சிய இரண்டு மின்கலங்களும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் மூன்றும் இயங்கினால்தான் பயணம் தொடரலாம் என்ற விதியை நீங்கள் தளர்த்தவில்லை. இதே கொலம்பியா 1981 நவம்பரிலும் மின்கலப் பழுதால் ஐந்து நாள் பயணத்தை இரண்டு நாளில் முடித்துத் திரும்பியது.

நான் எழுத முனைந்தது அதன்பின் நடந்ததைப் பற்றி. விண்ணோடத்தின் சரக்கறையில் இருந்த ஆய்வகத்தை இறக்காமலே விண்ணோடத்தைச் செப்பனிட்டு, அதே எழுவரையும் அதே கருவிகளையும் ஜூலை 1 அன்று, அதாவது தரையிறங்கிய 84 நாட்களில், மீண்டும் அனுப்பினீர்கள். அவர்கள் முழுக்காலமும் பணியாற்றி ஜூலை 17 அன்று திரும்பினார்கள். அந்த ஆய்வுகளுள் ஒன்று, உருண்டையாக அசையாது எரியும் மிக நலிந்த சுடர்களைப் பற்றியது. தரையில் வெப்பக் காற்று மேலெழுந்து அத்தகைய சுடரைக் குலைத்துவிடும். பொருளை விழவிட்டு ஆராயும் கோபுரங்களிலோ எடையற்ற நிலை சில நொடிகளே கிடைக்கும். ஜூலைப் பயணத்தில் அச்சுடர்களுள் பல, கருவி தானாக நிறுத்தும் வரை, 500 நொடிகள் எரிந்தன. மறுபயணம் இல்லாதிருந்தால் இந்த ஆய்வை முழுமையாக நடத்தியிருக்க முடியாது.

அன்று சூழ்நிலையை ஒட்டி எடுத்த அந்த முடிவை இனி விதியாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு பயணமும் புறப்படும் முன்பே, பழுதால் அது குறுகினால் விடுபட்ட ஆய்வுகள் எப்போது, எந்த நிதியில் மீண்டும் நடக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அந்த உறுதி இருந்தால், திரும்பி வரச் சொல்லும் நேரத்தில், பல்லாண்டு உழைப்பு வீணாகுமே என்ற கலக்கம் கட்டுப்பாட்டு அறையில் இருப்போரை அழுத்தாது. அதே குழுவையும் கலத்தையும் மீண்டும் ஒதுக்குவது எப்போதும் இயலாது என்பதை அறிவேன். அப்படியானால், மாற்று மாதிரிகளைத் தரையில் ஆயத்தமாக வைத்து, விடுபட்ட ஆய்வாளருக்கு அடுத்த பயணத்திலேயே முதலிடம் கொடுங்கள்.

அன்புடன்,
விண்வெளி ஆய்வைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு வாசகர்