என் பெயர் வெறும் சத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் குழந்தைப் பெயர்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழ்ப் பெயர்களுக்கு இருப்பதுபோல ஆங்கிலப் பெயர்களுக்கு அர்த்தம் கிடையாது, எட்வின், கத்பர்ட் எல்லாம் வெறும் சத்தம்தான் என்று அதில் ஒரு வரி. எனக்கு 71 வயதாகிறது. அந்தச் சத்தத்தை இத்தனை வருஷமாகச் சுமந்து வருபவன் என்கிற முறையில் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார ஐயரின் பெயர் கத்பர்ட். (எங்கள் பக்கம் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அந்த மரியாதையில் எனக்கு வைத்துவிட்டார். அம்மாவுக்குக் கடைசிவரை அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. பள்ளியில் வாத்தியார் வருகை எடுக்கும்போது 'கத்துபட்டு' என்பார். பையன்கள் உடனே கத்துவார்கள். ரேஷன் அட்டையில் கட்பட், வாக்காளர் அட்டையில் குத்பர்ட். பென்ஷன் வாங்கப் போனபோது மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்க வேண்டியதாயிற்று.

சரி, அர்த்தத்துக்கு வருகிறேன். ஆங்கிலோ சாக்சன் மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில் 'கூத்' என்றால் அறியப்பட்ட, பேர்பெற்ற என்று பொருள். பின்பாதி, ஒளிமிக்க என்பதற்கான சொல். இரண்டும் சேர்ந்ததுதான் கத்பர்ட். தனித்தமிழ்க்காரர் யாராவது எனக்குப் பெயர் வைத்திருந்தால் புகழொளி என்று வைத்திருப்பார். முரடனை 'அன்கூத்' என்று இன்றைய ஆங்கிலத்தில் சொல்கிறார்களே, அதிலிருப்பதும் இந்த 'கூத்'தான். அறியப்படாதவன் என்பதுதான் அதன் பழைய பொருள்.

அவர்கள் பெயர் வைத்த முறையும் நமக்குப் புதிதல்ல. நம் ஊரில் தங்கம், துரை, ராஜ், செல்வம் என்று கையில் நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு தங்கராஜ், தங்கதுரை, துரைராஜ், ராஜதுரை, செல்வராஜ் என்று ஒரு தெருவையே நிரப்பிவிடுகிறோம் அல்லவா? அவர்களும் அப்படித்தான். எட்வின் என்றால் செல்வமும் நண்பனும். காட்வின் என்றால் கடவுளின் நண்பன். வில்பிரட்டில் விருப்பமும் சமாதானமும் இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர் என்ற ஊரில் வுல்ஃப்ஸ்டன் என்று ஒரு பிஷப் இருந்தார். அவருடைய அம்மா வுல்ஃப்கிவு, அப்பா ஏதல்ஸ்டன். அம்மாவில் பாதி, அப்பாவில் பாதி! என் மைத்துனர் மகள் போன மாதம் தன் குழந்தைக்கு இப்படித்தான் வைத்தாள், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல.

1066இல் பிரான்சுப் பக்கமிருந்து வந்த நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்ற பெயர்கள் வந்து பழைய பெயர்களைத் தள்ளிவிட்டன. எட்வர்ட் தப்பியது, அரச குடும்பம் அதை எடுத்துக்கொண்டதால். கத்பர்ட் வடக்கில் மட்டும் உயிரோடு இருந்தது. அங்கே ஒரு துறவியின் பெயர் அது.

687 மார்ச் 20 அன்று ஃபார்ன் என்ற சின்னத் தீவில் அந்தத் துறவி கத்பர்ட் இறந்தார். லிண்டிஸ்ஃபார்ன் தீவில் அடக்கம் செய்தார்கள். வைக்கிங் கொள்ளையருக்குப் பயந்து 875இல் துறவிகள் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே இங்கே அலைந்து, 995இல் டர்ஹாமில் இறக்கி வைத்தார்கள். டர்ஹாம் ஊரும் பேராலயமும் அவரைச் சுற்றித்தான் எழுந்தன. 1104இல் பெட்டியைத் திறந்தபோது உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு யோவான் சுவிசேஷம் இருந்தது. அட்டை பிரியாமல் இன்றைக்கும் இருக்கிறது. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் அதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

மகள் நியூகாசிலில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் அவள் பேறுகாலத்துக்காக நானும் மனைவியும் போயிருந்தோம். அங்கிருந்து ரயிலில் டர்ஹாம் கால் மணி நேரம். பேராலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு கல். அதில் லத்தீனில் 'கத்பர்டஸ்' என்ற ஒற்றைச் சொல், வேறொன்றும் இல்லை. எந்த அலுவலகத்திலும் பிழையில்லாமல் எழுதப்படாத என் பெயரை அங்கே கல்லில் பார்த்துக்கொண்டு நின்றேன். வழி காட்டிய பெரியவர் என் பெயரைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரிலேயே இப்போது அந்தப் பெயரில் சின்னப் பையன்களைப் பார்க்க முடிவதில்லை என்றார்.

ஏன் என்று பிறகு தெரிந்தது. விக்டோரியா காலத்தில் ஆல்பிரட், எட்கர், ஹரால்டு, வில்பிரட் என்று பழைய பெயர்கள் மறுபடி நாகரிகமாயின. கத்பர்ட்டும் கூடவே வந்தது. நம் தென்மாவட்டங்களில் இந்தப் பெயர்கள் இன்றும் புழங்குவது அந்தக் காலத்து மிஷனரிகள் வழியாகத்தான். அப்புறம் முதல் உலகப் போர். பட்டாளத்துக்குப் போகாமல் அரசாங்க அலுவலகத்தில் ஒளிந்துகொண்டவர்களை லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் 'பாய்' என்ற கார்ட்டூனிஸ்ட் பயந்த முயலாக வரைந்து, அதற்குக் கத்பர்ட் என்று பெயர் வைத்தார். டிராஃபால்கர் கடற்போரில் 1805இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் விழுந்ததும் படையைக் கையில் எடுத்தவர் நியூகாசிலில் பிறந்த கத்பர்ட் காலிங்வுட்! நாளைய போர்க்கப்பலுக்கு மரம் வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சட்டைப்பையிலிருந்து ஓக் விதையை எடுத்து ஊன்றிய மனிதர் அவர். அவர் பெயரைக் கோழைக்கு வைத்தால் எப்படி? பத்திரிகைக்காரர்கள் செய்கிற வேலை, ஐயா.

பேரன் என்றாலே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். அந்த உரிமையில், குழந்தைக்கு என் பெயரை வைக்கலாமே என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, இங்க அது கம்பளிப்பூச்சி கேக்கோட பேரு" என்றாள். விளையாட்டில்லை. ஆல்டி கடையில் கத்பர்ட் என்ற கம்பளிப்பூச்சி கேக் விற்றார்கள். தங்களுடைய 'காலின்' என்ற கம்பளிப்பூச்சி கேக்கைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை 2021இல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷம் சமாதானமாகிவிட்டார்கள். அந்த வட்டாரத்துப் பேச்சில் கத்பர்ட்டைச் சுருக்கிக் 'கடி' என்பார்கள். ஃபார்ன் தீவின் ஈடர் வாத்துகளுக்கு, துறவி பாதுகாத்தவை என்பதால், கடியின் வாத்துகள் என்று பெயர். கழுதையையும் கடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை மகளிடம் நான் சொல்லவில்லை. குழந்தைக்கு ஆரவ் என்று வைத்துவிட்டார்கள்.

கட்டுரையாளர் அந்த ஒரு வரியைத் திருத்தி அடுத்த இணைப்பில் ஒரு மூலையிலாவது போட வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் பெயரைக் கீழே உள்ளபடியே அச்சிடவும். தெருவிளக்கு பற்றி இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியதை 'குத்புதீன்' என்று போட்டுவிட்டீர்கள். இன்னும் எங்கள் தெருவில் சிலர் ரம்ஜானுக்கு எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
கத்பர்ட்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.