செடியைப் பிரிக்கும்போது பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொட்டி மாற்றி ஆர்க்கிட் செடி பிரிக்கும் காலம் வந்துவிட்டது. பிரித்த கன்றை அக்கம்பக்கத்துக்கும் உறவுக்கும் கொடுப்பீர்கள். கத்தியை எடுப்பதற்கு முன்னால், எத்தனை கன்று வருமோ அத்தனை லேபிளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே இந்த மடல்.

லேபிள் ஏன் இவ்வளவு நீளம் என்று பலர் கேட்கிறீர்கள். சாக்லேட் மணக்கும் ஒன்சிடியம் ஆர்க்கிட்டையே பாருங்கள். அதில் ஒன்சிடியம் ஷாரி பேபி ‘ஸ்வீட் ஃபிராக்ரன்ஸ்’ என்று இருக்கும். ஒன்சிடியம் என்பது பேரினம். ஷாரி பேபி என்பது ஜேமி சட்டன், ஹொனலுலு என்ற இரண்டு ஒன்சிடியங்களைச் சேர்த்துப் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் பொதுவான பெயர். இப்படிப்பட்ட கலப்பினப் பெயர்களை 1961 முதல் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிந்து வருகிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பதோ அந்தப் பிள்ளைகளில் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு செடியின் பெயர். அதைப் பிரித்தாலும், திசு வளர்ப்பில் பெருக்கினாலும் பெயர் தொடரும். டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் தண்டில் முளைக்கும் கெய்க்கி என்ற குட்டிச் செடிக்கும் அப்படித்தான், தாயின் முழுப் பெயரும் உண்டு.

விதையில் வந்த கன்றுக்கு மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயர் கிடையாது. ஷாரி பேபியைத் தன் மகரந்தத்தாலேயே சேர்த்து விதை எடுத்தாலும் ஒன்சிடியம் ஷாரி பேபி என்பது வரைதான் எழுதலாம். தாய் வாங்கிய பரிசையும் அதன்மேல் எழுதக்கூடாது. லேபிளில் ஏ.எம்./ஏ.ஓ.எஸ். என்று இருந்தால் அமெரிக்க ஆர்க்கிட் சங்கம் 80 முதல் 89 மதிப்பெண் வரை கொடுத்த செடி. அந்த மதிப்பெண் நடுவர்கள் பார்த்த செடிக்கு உரியது. விதைக்கன்றை அந்தப் பெயரில் விற்பது, தெரிந்து செய்தால் ஏமாற்று.

அஸ்கோசென்டா என்று வாங்கியது இப்போது வாண்டா என்று வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அஸ்கோசென்ட்ரம், வாண்டா என்ற இரண்டு பேரினங்களின் கலப்புதான் அஸ்கோசென்டா. இப்போது அஸ்கோசென்ட்ரத்தை வாண்டாவோடு சேர்த்துவிட்டார்கள், செடி அதேதான். பழைய லேபிளையும் தொட்டியிலேயே விட்டுவையுங்கள்.

மார்க்கர் பேனா வெயிலில் வெளுத்துப்போகும், பென்சில் நிற்கும். பிளாஸ்டிக் லேபிளும் வெயிலில் நொறுங்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறினால் எழுத்து அழியாது. கூடையில் தொங்கும் வாண்டாவுக்குக் கம்பியால் கட்டிவிடுங்கள். இந்தப் பருவத்திலிருந்து நாங்கள் ஒவ்வொரு தொட்டியிலும் வெளியே ஒன்று, கரித்துண்டுக்கு அடியில் ஒன்று என இரண்டு லேபிள் வைத்து அனுப்புகிறோம்.

லேபிள் தொலைந்துபோனால் ‘பெயர் தெரியாது’ என்றே எழுதுங்கள். பூவின் படத்தை மட்டும் பார்த்துக் கலப்பினத்துக்கு நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம், ஒரே மாதிரிப் பூக்கும் கலப்பினங்கள் அத்தனை உண்டு. எங்களிடம் வாங்கிய செடியென்றால் பில் எண்ணை அனுப்புங்கள். விற்பனைப் பதிவேட்டைப் பார்த்துப் புது லேபிள் எழுதித் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
ஆர்க்கிட் நர்சரியினர்